மூச்சின் கணக்கு

நிறைவாக உள்ள பொருளை எவரும் எண்ணிப் பார்ப்பதில்லை. கடற்கரையில் வாழ்பவன் மணலை எண்ணுவதில்லை. அரிசிப் பானையின் அடி தெரியத் தொடங்கும்போதுதான் வீட்டுக்காரி சுண்டு கொண்டு அளக்கத் தொடங்குகிறாள். உடல் நலமும் அத்தகையதே. குறைவின்றி மூச்சு விடுகிறவன் தான் மூச்சு விடுவதையே மறந்திருக்கிறான். அம்மறதிதான் ஆரோக்கியம் என்று சொன்னாலும் பிழையில்லை.

ஆயினும் தமிழர் மூச்சை எண்ண அறியாதவர் அல்லர். மனிதன் ஒரு நாளைக்கு விடும் மூச்சு 21,600 என்பது நம் சித்தர் மரபு வகுத்த கணக்கு. தில்லைப் பொன்னம்பலத்தின் கூரையில் வேய்ந்த பொன்னோடுகளின் தொகையும் அதுவே என்று பெரியோர் சொல்லக் கேட்டிருக்கிறோம். இத்தொகையை 24 மணி நேரத்துக்குப் பங்கிட்டால் நிமிடத்துக்கு 15 மூச்சு வரும். அமைதியாக இருக்கும் வளர்ந்தவர் ஒருவர் நிமிடத்துக்கு 12 முதல் 20 தடவை வரை மூச்சு விடுவது இயல்பு என்று இன்றைய மருத்துவ நூல்கள் கூறுகின்றன. பழைய கணக்கும் புதிய கணக்கும் ஒன்றையொன்று இவ்வளவு நெருங்கி வருவது வியப்பன்றோ? சடுகுடு ஆடும் சிறுவனும் ஒரே மூச்சில் எவ்வளவு தூரம் போய்த் திரும்பலாம் என்பதைத்தான் அளந்துகொண்டிருக்கிறான்.

இவற்றையெல்லாம் ஏட்டளவில் அறிந்திருந்த எனக்கு, மூச்சைக் கணக்கெழுதிப் பார்க்கும் தேவை சென்ற ஆண்டில் எங்கள் குடும்பத்திலேயே வந்து சேர்ந்தது. நோயாளியை வீட்டில் வைத்துப் பார்க்கும் குடும்பங்களுக்கும், உடற்றொழிலியலைப் பாடமாகப் படிக்கும் மாணவர்க்கும் பயன்படலாம் என்ற எண்ணத்தால் அதனை இங்கு எழுதுகிறேன்.

புத்தளம் மாவட்டத்துக் கடலோரத்தில், ஒருபுறம் கடலும் மறுபுறம் களப்புமாக நீண்டு கிடக்கும் மணற்பரப்பிலே அமைந்தது உடப்பு. திரௌபதை அம்மன் கோயிலும், ஆடியில் நடக்கும் தீமிதிப்பும், கரைவலையும் அவ்வூரின் அடையாளங்கள். கரைவலை இழுப்போர் பாடும் பாட்டுக்கு அம்பா என்று பெயர். ஒருவர் முன்னடி எடுத்துக் கொடுக்க, கயிற்றைப் பற்றி நிற்கும் மற்றவர் பின்னடி சொல்லி இழுப்பர். பாட்டின் தாளமும் கைகளின் தாளமும் ஒன்றாகாவிட்டால் வலை கரையேறாது. என் தாய்மாமன் நாற்பது ஆண்டுகளாக அப்படி முன்னடி எடுத்துக் கொடுத்தவர். கடல் இரைச்சலையும் காற்றையும் மீறி, கயிற்றின் கடைசியில் நிற்பவனுக்கும் அவர் குரல் கேட்கும். அந்த மூச்சுக்கு எல்லை உண்டு என்று ஊரில் எவரும் நினைத்ததில்லை. அவரும் நினைத்ததில்லை. சுருட்டும் அவரை விட்டு நீங்கியதில்லை.

அவருடைய அறுபத்திரண்டாவது வயதில், மூன்று மாதமாக மாறாத இருமலை முன்னிட்டு எடுத்த எக்ஸ்ரே படத்திலே வலது நுரையீரலின் மேற்பகுதியில் ஒரு நிழல் தெரிந்தது. பின்பு சி.ரி. படமும் திசுப் பரிசோதனையும் அது புற்றுநோய் என்று உறுதிப்படுத்தின. பிற இடங்களுக்குப் பரவவில்லை என்பதால் சத்திர சிகிச்சை செய்யலாம் என்றார்கள். மனிதனுக்கு வலது நுரையீரல் மூன்று சோணைகளாகவும் இடது நுரையீரல் இரண்டு சோணைகளாகவும் அமைந்திருக்கின்றன. அவற்றுள் வலது மேற்சோணையை வைகாசி மாதத்தில் அகற்றினார்கள். பத்து நாளில் வீட்டுக்கு அனுப்பினார்கள்.

வைத்தியசாலையில் இருக்கும்வரை கவலைக்கு ஒரு முறை இருக்கிறது. தாதி வருகிறார்; நாடி பார்க்கிறார்; கட்டிலின் கால்மாட்டில் தொங்கும் தாளிலே எழுதுகிறார். நோயாளியின் நிலைமையை அறிந்தவர் ஒருவர் அருகில் இருக்கிறார் என்பதே பாதி மருந்து. வீட்டுக்கு வந்த அன்றைக்கே அத்தாள் இல்லாமற் போய்விடுகிறது. அதன் இடத்தில் அபிப்பிராயங்கள் வந்து குந்துகின்றன. மாமி, அவர் கட்டிலை விட்டு இறங்கவே கூடாது என்றார். அயலவர் ஒருவர், நெஞ்சைத் திறந்தவர் ஆறு மாதம் பேசவே கூடாது என்றார். மாமாவோ, "எனக்கு ஒன்றுமில்லை, நாளைக்கே வாடிக்குப் போவேன்" என்றார். மூவரும் அன்பினால்தான் பேசினார்கள். ஆனால் அளவில்லாத அச்சமும் அளவில்லாத தைரியமும் ஒரே வீட்டில் இருந்தால் மிஞ்சுவது சச்சரவுதான்.

ஆகவே உயர்தர வகுப்பில் விஞ்ஞானம் படிக்கும் அவருடைய மகளிடம் ஒரு கொப்பியைக் கொடுத்து, அதிலே நிரல்கள் வரைந்தோம். தேதி, காலையில் எழுந்தவுடன் நாடித் துடிப்பு, நிமிடத்துக்கு மூச்சு, உடல் வெப்பம், விரலில் கவ்வும் கருவி காட்டும் ஒட்சிசன் அளவு, நடந்த தூரம், நடந்து முடிந்தபின் மூச்சுத் திணறல் எவ்வளவு, வலி எவ்வளவு, வாரத்துக்கொரு முறை உடல் நிறை. வைத்தியசாலையில் கொடுத்தனுப்பிய அறிவுரைத் தாளை முதற்பக்கத்தில் ஒட்டினோம். 100.4 பாகை பாரன்ஹைற்றுக்கு மேற்பட்ட காய்ச்சல், கூடிக்கொண்டு போகும் மூச்சுத் திணறல், கெண்டைக்காலில் வீக்கம், சளியில் இரத்தம், காயத்தில் சீழ், இவற்றுள் எது கண்டாலும் உடனே வரவேண்டும் என்று அத்தாள் சொல்லியது.

இந்நிரல்களுள் மிகவும் எளியதென்று நாம் எண்ணிய மூச்செண்ணிக்கையே கடினமானதாக இருந்தது. எண்ணுகிறார்கள் என்று தெரிந்தவுடன் மூச்சு மாறிவிடுகிறது. நாடி அப்படியன்று, அது நம் சொற்கேட்டு நடப்பதில்லை. மூச்சோ பாதி நம் வசமும் பாதி இயற்கையின் வசமும் உள்ளது. இதற்கு வழி கண்டவர் மாமி. முற்றத்தில் இருந்து அரிசி புடைத்துக்கொண்டே, மாமாவின் சால்வை எத்தனை முறை உயர்ந்து தாழ்கிறது என்று மணிக்கூட்டைப் பார்த்து எண்ணிச் சொல்வார். தாதியரும் நாடி பார்ப்பதுபோலக் கையைப் பிடித்துக்கொண்டு மூச்சை எண்ணுவது வழக்கம். மாமிக்கு அதை எவரும் கற்பிக்கவில்லை.

நிற்க. மனிதனின் மூச்சை அளக்க முடியும் என்பதை உலகுக்கு முறையாகக் காட்டியவர் ஜோன் ஹட்சின்சன் என்ற ஆங்கிலேய மருத்துவர். நீரில் மிதக்கும் மணி போன்ற ஒரு கருவியைச் செய்து, 2,000 பேருக்கு மேற்பட்டோரின் மூச்சை அளந்து, 1846ஆம் ஆண்டில் தம் முடிவுகளை வெளியிட்டார். முழு மூச்சு இழுத்து முழுவதும் விடும்போது வெளிவரும் காற்றின் அளவுக்கு அவர் இட்ட பெயர் உயிர்க் கொள்ளளவு என்று தமிழிற் சொல்லத்தக்கது. அப்பெயரில் உள்ள உயிர் என்னும் சொல் எவ்வளவு பொருத்தமானது என்பதை, நோய் வந்த வீட்டார் அறிவர்.

நுரையீரல் ஒன்றை முழுவதும் இழந்தும் மனிதன் வாழலாம் என்பது தெளிவானது அதற்கு ஏறக்குறைய ஒரு நூற்றாண்டு கழித்து. அமெரிக்காவின் சென்ற் லூயிஸ் நகரத்துப் பார்ன்ஸ் வைத்தியசாலையில் 1933ஆம் ஆண்டு ஏப்ரல் 5ஆம் தேதி, எவார்ட்ஸ் கிரஹாம் என்ற சத்திர சிகிச்சை நிபுணர், புற்றுநோய் கண்ட இடது நுரையீரலை ஒரே தடவையில் முழுமையாக அகற்றினார். நோயாளியான ஜேம்ஸ் கில்மோர் தாமும் ஒரு மருத்துவர். அப்போது வயது 48. இரண்டு மாதத்துக்கு மேல் வைத்தியசாலையில் இருந்து தேறி, மீண்டும் தம் தொழிலைச் செய்து, ஏறக்குறைய 30 ஆண்டுகள் வாழ்ந்து, 1963இல் மறைந்தார். இக்கதையை மாமாவுக்குச் சொன்னபோது, "முழுவதும் எடுத்தவர் முப்பது வருடம் இருந்தாரா? எனக்கு மூன்றில் ஒன்றுதானே எடுத்திருக்கிறார்கள்" என்று நிமிர்ந்து உட்கார்ந்தார்.

கதையின் மறுபாதியையும் சொல்லாமல் விட மனம் வரவில்லை. அதே கிரஹாம், எர்ணெஸ்ட் வைண்டர் என்ற மாணவரோடு சேர்ந்து 684 நோயாளரை ஆராய்ந்து, புகைத்தலுக்கும் நுரையீரற் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பை 1950ஆம் ஆண்டில் வெளியிட்டார். அவரும் நெடுங்காலம் சிகரெட் புகைத்தவர், பின்பு விட்டார். ஆயினும் 1957இல் அதே நோய்க்கு அவரும் இரையானார். அவர் காப்பாற்றிய நோயாளி அவருக்குப் பின்னும் வாழ்ந்திருந்தார். மாமா இதைக் கேட்டு ஒன்றும் சொல்லவில்லை. நோய் இன்னதென்று அறிந்த நாளிலேயே அவர் சுருட்டை விட்டுவிட்டார். கேட்டுக்கொண்டு நின்ற அவருடைய மகன் மட்டும் தன் சட்டைப் பையிலிருந்த பெட்டியை எடுத்துக்கொண்டு பின்வளவுக்குப் போனான். திரும்பி வந்தபோது அது அவன் கையில் இல்லை. புகைக்காதவருக்கும் இந்நோய் வருவதுண்டு; ஆதலால் நோயாளியைப் பார்த்துக் குற்றம் சொல்வது தகாது. ஆனால் புகைப்பவனுக்கு வரும் வாய்ப்புப் பன்மடங்கு என்பதை இளைஞர்க்கு மறைப்பதும் தகாது.

இனி நடையைப் பற்றிச் சொல்லுவேன். மூச்சுத் திணறலை வினாக்களால் அளக்கலாம் என்று காட்டியவர் பிரித்தானிய மருத்துவர் சார்ள்ஸ் பிளெற்சர். வேல்ஸ் நாட்டு நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளரின் நுரையீரல் நோயை ஆராய்ந்தபோது, அவர் கருவிகளோடு நிற்காமல் எளிய கேள்விகளையும் கேட்டார். மேட்டில் ஏறினால் மூச்சு வாங்குகிறதா? சமநிலத்தில் உன் வயதுடையவனோடு சேர்ந்து நடக்க முடிகிறதா? நூறு யார் நடந்தால் நிற்கவேண்டி வருகிறதா? உடை மாற்றும்போதே மூச்சு வாங்குகிறதா? இவ்வினாக்களிலிருந்து பிறந்த படிநிலை இன்றும் உலகெங்கும் வழங்கி வருகிறது. உடப்பில் மேடு இல்லை. ஆனால் கடவுள் எங்களுக்கு மணலைத் தந்திருக்கிறார். தளர்ந்த மணலில் நடப்பவன் கெட்டியான தரையில் நடப்பவனைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு சக்தியைச் செலவிடுகிறான். ஆகவே எங்கள் ஊரில் தெருவே சமநிலம், கடற்கரையே மலை.

ஆறு நிமிடத்தில் ஒருவர் எவ்வளவு தூரம் நடக்கிறார் என்பதை நுரையீரல் மருத்துவர் ஒரு சோதனையாகக் கொள்கின்றனர். முன்பு 12 நிமிட நடை வழக்கில் இருந்தது. அவ்வளவு நேரம் வேண்டியதில்லை, ஆறு நிமிடமே போதும் என்று 1982இல் காட்டினார்கள். அமெரிக்க மார்பு நோய்ச் சங்கம் 2002இல் வெளியிட்ட விதிப்படி 30 மீற்றர் நீளமான நேர்வழி வேண்டும். முறையான சோதனை வைத்தியசாலையில், அறிந்தவர் மேற்பார்வையில் நடப்பது. வீட்டில் நாம் செய்தது அதன் நிழலே. ஆயினும் ஒரே தெரு, ஒரே நேரம், ஒரே செருப்பு என்றால் நேற்றையும் இன்றையும் ஒப்பிடலாமல்லவா? இயன்மருத்துவரிடம் கேட்டபோது, அவசரப்படாமல், வேண்டியபோது நின்று இளைப்பாறி நடந்தால் தீங்கில்லை என்றார்.

முப்பது மீற்றரை அளக்க எங்களிடம் நாடா இருக்கவில்லை. வலைக்கயிறு இருந்தது. கடலோடிகள் ஆழத்தையும் கயிற்றையும் பாகத்தால் அளப்பர். இரு கைகளையும் அகல விரித்தால் வரும் நீளம் ஒரு பாகம், ஏறக்குறைய ஆறடி. முப்பது மீற்றருக்குப் பதினாறு பாகமும் சற்று மேலும் வேண்டும். மாமா வழக்கம்போலக் கயிற்றைக் கையில் எடுத்தார். இடது கை விரிந்தது. வலது கை தோளளவுக்கு எழும்பாமல் நின்றுவிட்டது. விலாவின் பக்கம் வெட்டி நெஞ்சைத் திறந்தவர்க்குத் தோள் இறுகிப்போவது வழக்கம். அவர் கயிற்றைப் பேசாமல் மகனிடம் கொடுத்தார். மகன் அளந்து, தெருவிலே இரண்டு முளைகளை அடித்தான். வீட்டில் அன்றிரவு எவரும் அதைப் பற்றிப் பேசவில்லை. ஆனால் மறுநாள் முதல் அவர் சுவரோரம் நின்று விரல்களால் சுவரில் ஏறும் பயிற்சியைச் சொல்லாமலே செய்தார். எட்டிய உயரத்தை ஒவ்வொரு கிழமையும் கரித்துண்டால் கீறி வைத்தார்.

மூன்றாம் வாரத்தில் ஆறு நிமிடத்துக்கு 210 மீற்றர் நடந்தார். நான்காம் வாரத்தில் 270 ஆயிற்று. திணறலைச் சுழியிலிருந்து பத்து வரை எண்ணாகச் சொல்லும் முறை சுவீடன் நாட்டு உளவியலாளர் குண்ணார் போர்க் வகுத்தது. சுழி என்றால் திணறலே இல்லை. பத்து என்றால் தாங்கவொண்ணாதது. மாமா முதலில் இதனை ஏற்கவில்லை. "மூச்சு வாங்குவதற்கு நான் எப்படி மார்க்ஸ் போடுவது?" என்று சிரித்தார். பின்பு தானே பழகிக்கொண்டு, "இன்றைக்கு மூன்றரை" என்று கடைக்காரனைப்போலப் பேரம் பேசாமற் சொல்லத் தொடங்கினார்.

ஐந்தாம் வாரத்தில் கொப்பி வேறு கதை சொல்லியது. ஒரு திங்கட்கிழமை காலை நாடி 84இலிருந்து 98 ஆகியிருந்தது. மூச்சு 18 என்பது 22 ஆயிற்று. செவ்வாயன்று ஒட்சிசன் 96 வீதத்திலிருந்து 92க்கு இறங்கியது. தெருவில் ஆறு சுற்றுக்கு மேல் அவரால் நடக்க முடியவில்லை. மாலையில் வெப்பம் 100.6. மாமாவைக் கேட்டால், "கச்சான் காற்றுக்கு வந்த தடிமன், இரண்டு நாளில் போய்விடும்" என்றார். முகத்தைப் பார்த்தால் அவர் சொல்வது உண்மை என்றே தோன்றும். குரலிலும் மாற்றமில்லை. எண்கள் மட்டும் ஒன்றுகூடி வேறு சொல்லின. ஓர் எண் தனியே மாறினால் காத்திருந்து பார்க்கலாம். நான்கு எண்கள் ஒரே திசையில் மாறினால் காத்திருத்தல் ஆகாது. மகள் கொப்பியைத் தந்தையின் முன் விரித்து, முதற்பக்கத்துத் தாளையும் காட்டினாள். "அப்பா, நீங்கள் சொல்கிறது ஒன்று, நீங்களே நடந்து எழுதுவித்தது ஒன்று" என்றாள். அவர் சற்று நேரம் பார்த்துவிட்டுச் சால்வையை எடுத்துத் தோளிற் போட்டார்.

அன்றிரவே வைத்தியசாலைக்குப் போனோம். எஞ்சிய நுரையீரலில் கிருமித் தொற்று. சிறிது நீரும் சேர்ந்திருந்தது. ஏழு நாள் நரம்பு வழியாக மருந்து கொடுத்தார்கள். கொப்பியைப் புரட்டிப் பார்த்த இளம் வைத்தியர், "இதை யார் எழுதியது?" என்று கேட்டார். மகள் பின்னால் ஒதுங்கி நின்றாள். "காய்ச்சல் உச்சத்துக்கு வருமுன் கொண்டு வந்திருக்கிறீர்கள். நல்லது" என்றார் அவர். அவ்வளவுதான். பரீட்சையில் முதலாம் பிரிவிற் சித்தியடைந்த நாளிலும் அப்பிள்ளையின் முகத்தில் நான் அத்தகைய ஒளியைக் கண்டதில்லை.

இவ்வளவும் சொன்ன நான், கணக்கின் மறுபக்கத்தையும் சொல்லவேண்டும். இரண்டாம் முறை வீடு திரும்பியபின் மாமாவுக்கு அந்த விரற்கருவியின்மேல் ஒரு மயக்கம் ஏற்பட்டது. இரவில் விழித்தால் அதை மாட்டிப் பார்ப்பார். 95 என்றால் படுப்பார். 93 என்றால் எழுந்து உட்காருவார். உட்கார்ந்த பதற்றத்தில் நாடி கூடும். கூடிய நாடியைக் கண்டு மேலும் பதறுவார். ஜப்பானியரான தக்குவோ அவோயாகி 1970களில் கண்ட தத்துவத்தால் இயங்கும் அச்சிறு கருவி, எத்தனையோ உயிர்களைக் காத்தது. ஆயினும் அது தெய்வவாக்கன்று. விரல் குளிர்ந்திருந்தாலும், கை அசைந்தாலும், நகத்தில் சாயம் இருந்தாலும் அளவு பிழைக்கும். கறுத்த தோலுடையோரிடம் இரத்தத்தில் ஒட்சிசன் உண்மையிற் குறைந்திருந்தும் கருவி போதியது என்று காட்டுவது, வெள்ளைத் தோலினரிடம் நிகழ்வதைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு என்று அமெரிக்க ஆய்வொன்று 2020இல் தெரிவித்தது. வெயிலிற் கறுத்த கடற்றொழிலாளர்க்கு இது நினைவில் வைக்கத்தக்க செய்தி. ஓர் இரவில் பதினேழு தடவை அவர் அதை மாட்டிப் பார்த்ததை எண்ணிய மாமி, மறுநாள் கருவியை அலுமாரியில் வைத்துப் பூட்டித் திறப்பைத் தம் முந்தானையில் முடிந்துகொண்டார். காலையிலும் மாலையிலும் மட்டும் அது வெளியே வரும். வைத்தியரும் அதுவே சரி என்றார்.

எண்ணுக்குள் அடங்காதவையும் பல இருந்தன. மார்பின் ஒரு பக்கத்தில் தோல் மரத்துப்போயிருந்தது. விலா நரம்புகள் நலிவதால் அப்படி ஆகும், மெல்ல மாறும் என்றார்கள். வறட்டிருமல் பல வாரம் நின்றது. இருமும்போது தலையணையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டால் வலி குறையும் என்று கற்றார். ஆடி மாதம் வந்தது. தீக்குழியின் புகையும் சனநெரிசலும் ஆகா என்பதால், ஒவ்வோராண்டும் முன்னின்றவர் அவ்வாண்டு வீட்டுப் படலையடியில் நாற்காலி போட்டு இருந்தார். மேளச்சத்தம் மட்டும் காற்றில் வந்தது. அன்று கொப்பியில் எல்லா எண்களும் நன்றாகவே இருந்தன. ஆனால் அவர் இரவு சாப்பிடவில்லை.

சில நாள் கழித்துக் கொப்பியைப் பார்த்தபோது, கடைசி நிரலுக்கு அப்பால், ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்ட ஒருவரின் பெரிய எழுத்தில் புதிய தலைப்பொன்று இருந்தது. பாட்டு என்று எழுதி, அதன் கீழே 1 என்று போட்டிருந்தார். ஒரே மூச்சில் அம்பாவின் எத்தனை அடி பாட முடிகிறது என்பது அவர் வகுத்த அளவு. வைத்தியர் எவரும் அதைக் கேட்கவில்லை, எனக்கும் தோன்றவில்லை. அவர் இத்தனை நாளும் அஞ்சியது எதற்கு என்பது அந்த ஒற்றை எண்ணைக் கண்டபோது விளங்கியது. கயிறு இழுக்க ஆட்கள் கிடைப்பார்கள். சில கரைகளில் டிராக்டர்ப் பொறியே இழுக்கிறது. முன்னடி எடுத்துக் கொடுப்பவன்தான் அவர். அந்தக் குரல் போனால் தாம் யார் என்பதே அவருடைய கேள்வி.

மருத்துவ உலகிலும் இதற்கு ஒத்த அளவு இல்லாமலில்லை. ஒரே மூச்சில் எத்தனை வரை எண்ண முடிகிறது என்று கேட்பது பழைய படுக்கையோரச் சோதனை. உடற்பயிற்சி மிதமாக இருக்கிறதா என்று அறிய, பேச முடிகிறதா, பாட முடிகிறதா என்று பார்க்கச் சொல்கின்றனர். பேச முடிந்து பாட முடியாமலிருந்தால் அது மிதமான உழைப்பு. பேசவும் முடியாவிட்டால் கடுமையான உழைப்பு. அம்பாக்காரர் கடுமையாக உழைத்துக்கொண்டே பாடுகிறவர் என்பதை நினைத்தால், அவர்களுடைய நெஞ்சு எத்தகையது என்று தெரியும். ஆனால் ஒரு குறை இருந்தது. நோய்க்கு முன் அவர் ஒரே மூச்சில் எத்தனை அடி பாடினார் என்பதை எவரும் எண்ணி வைத்திருக்கவில்லை. நிறைவாக இருந்தபோது யார் எண்ணுவார்? கொப்பியிலே வரும் எண்களை அவருடைய பழைய நாளோடு ஒப்பிட வழியில்லை. நேற்றைய நாளோடு மட்டுமே ஒப்பிடலாம். இதை நான் வருத்தத்தோடு சொன்னபோது, "அதுவும் நல்லதுதான், தம்பி. பழையது தெரிந்திருந்தால் ஒவ்வொரு நாளும் நட்டக் கணக்காகத்தான் இருந்திருக்கும்" என்றார் மாமா.

நுரையீரலின் ஒரு சோணை போனபின், மிஞ்சிய சோணைகள் விரிந்து அவ்விடத்தை ஓரளவு நிரப்புகின்றன; உதரவிதானமும் சற்று உயர்ந்து இடம் கொடுக்கிறது. இம்மாற்றம் பல மாதம் எடுக்கும். வீட்டார் கொப்பியில் அதை நாள்தோறும் தேடினால் ஏமாற்றமே மிஞ்சும். மாதந்தோறும் தேடினால் தெரியும். மூன்றாம் மாத முடிவில் ஆறு நிமிடத்துக்கு 390 மீற்றர், பாட்டு 2. நான்காம் மாதத்தில் ஒரு நாள், தெருவிலிருந்த முளைகள் மழையில் சாய்ந்துவிட்டன. மாமா கயிற்றைக் கேட்டு வாங்கி, இரு கைகளையும் விரித்துப் பாகம் பாகமாகத் தாமே அளந்தார். பதினாறும் சற்று மேலும். சுவரில் இருந்த கரிக்கோடுகளைவிட அந்த அளவு எங்களுக்கு அதிகம் சொல்லியது. ஆறாம் மாதத்தில் 450 மீற்றர், பாட்டு 3. கச்சான் ஓய்ந்து கடல் அடங்கியது. கரைவலை தொடங்கிற்று.

கயிற்றில் கைவைக்க இன்னும் அனுமதி இல்லை. ஆனால் வாடியின் நிழலில் இருந்து முன்னடி எடுத்துக் கொடுக்கலாம் என்று வைத்தியர் சொன்னார். முன்போல நீட்டிப் பாடாமல், அடிக்கு அடி நிறுத்தி, நடுவில் மூச்சு எடுத்துக்கொண்டு பாடினார். இழுப்பவர்கள் தங்கள் கைகளை அந்தப் புதிய தாளத்துக்கு மாற்றிக்கொண்டார்கள். வலை சற்று மெல்ல வந்தது. எவரும் குறை சொல்லவில்லை.

நோய் முற்றும் நீங்கிவிட்டது என்று நான் எழுதவில்லை, எழுதவும் கூடாது. முதல் இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஆறு மாதத்துக்கொரு முறை சி.ரி. படம் எடுத்துப் பார்ப்பதும், அதன்பின் ஆண்டுக்கொரு முறை பார்ப்பதும் வழக்கமான கண்காணிப்பு. ஐந்தாண்டு கடந்தால்தான் மருத்துவர் சற்று ஆறுதலாகப் பேசுவர். ஒவ்வொரு படத்துக்கும் முந்திய இரவு அவ்வீட்டில் எவருக்கும் உறக்கம் இராது. கொப்பி அந்த இரவுகளுக்கு மருந்தாகாது. அது சொல்வது நுரையீரலின் உழைப்பை, நோயின் மறைவிடத்தையன்று. இவ்விரண்டையும் ஒன்றாக எண்ணி மயங்காமலிருப்பது மிகவும் வேண்டியது.

ஆகையால் இத்தகைய நோயாளியை வீட்டில் வைத்திருப்போர்க்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவே. எண்ணுங்கள், ஆனால் சிலவற்றை மட்டும் எண்ணுங்கள். அதே நேரத்தில், அதே இடத்தில் எண்ணுங்கள். அயல்வீட்டாரோடு ஒப்பிடாமல் அவரோடு அவரையே ஒப்பிடுங்கள். பல எண்கள் ஒருசேர மாறினால் முகத்தை நம்பாமல் வைத்தியரிடம் போங்கள். எண்ணுவதே நோயாகத் தொடங்கினால் கருவியைப் பூட்டி வையுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, நோயாளி தாமாக ஒரு நிரலை வரைய இடம் விடுங்கள். ஒருவருக்கு அது பாட்டாக இருக்கும். இன்னொருவருக்குக் கிணற்றில் அள்ளும் வாளியாகவோ, கோயில் வீதியைச் சுற்றும் சுற்றாகவோ இருக்கும். அவர் எதற்காகத் தேற விரும்புகிறார் என்பது அந்த நிரலிலேதான் எழுதியிருக்கும்.